பால் வடியும் கண்

காங்கேயத்திலிருந்து கிழக்கே போகிற பெரிய ரோட்டில், நெல் அவிக்கிற வாசம் பஸ்ஸுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொள்கிற ஓர் இடத்தில், ஒரு ரைஸ் மில் இருந்தது; அந்த மில் காம்பவுண்டுக்குள் லைன் வீடுகள் இருந்தன; அந்த லைன் வீடுகளில் ஒன்றில் மேகலா என்று ஒரு பெண் இருந்தாள்; அவள் அழுதால் வலது கண்ணில் எல்லோருக்கும் வருகிற தண்ணீரும், இடது கண்ணில் பாலும் வந்தது. தாய்ப்பால்தான், வேறொன்றுமில்லை. கொஞ்சம் நீர்த்த, லேசாக நீலம் பாய்ந்த, விரலில் தொட்டால் பிசுபிசுக்கிற பால். முதன்முதலாக அது வந்த காலையில் அவளுக்கு நாலு வயது. அவளைப் பெற்ற ராஜாமணி அதை முந்தானையால் துடைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "பாலுதான்" என்று சொல்லி, அடுப்பில் சோறு குழைந்துவிடுமே என்று உள்ளே போய்விட்டாள். டவுனில் கண் டாக்டர் பஞ்சில் ஒற்றி வெளிச்சத்தில் பார்த்தார். அந்தக் கண்ணில் பார்வை போனது போனதுதான் என்றார். பாலைப் பற்றிக் கேட்டதற்கு, அது தன் பிரிவில் வராது என்றார். மில்லில் இருந்த பூனைகள்தான் சற்று அதிகப்படியாக ஆச்சரியப்பட்டன.

அந்தப் பால் யாருடையது என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அது எதிர்வீட்டு நாச்சம்மாவின் பால். மேகலாவுக்கு அவள் முறைக்கு அத்தை. அப்போது நாச்சம்மாவுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், மகன் சேகர் கைக்குழந்தை, ரவிக்கை காய்ந்த நேரமே கிடையாது. அவனுக்குக் கொடுத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுத்து, மிச்சத்தை முருங்கை மரத்தடியில் பீய்ச்சிவிட்டு வருவாள். "நாச்சக்காளுக்கு மட்டும் எங்கிருந்துதான் ஊறுதோ" என்று பெண்கள் பொருமுவார்கள். அதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கும். உள்ளதைச் சொன்னால், அந்தப் பொருமலைக் கேட்பதற்காகவே அவள் குழாயடியில் கூடுதலாக ஒரு குடம் நிற்பாள்.

நெல் காய்கிற களத்தில் எந்நேரமும் உமி பறக்கும். உமி பறக்கிற இடத்தில் கண்ணில் விழாமல் இருக்காது. கண்ணில் விழுந்தால் பால் கொடுக்கிற ஒருத்தியைக் கூப்பிட்டு நாலு சொட்டுப் பீய்ச்சச் சொல்வது அந்த மில்லில் எல்லோரும் எப்போதும் செய்வதுதான். பலருக்கு அதில் உமி வெளியே வந்திருக்கிறது. ஆனால் ஆடிக் காற்று கிழித்துக்கொண்டு வீசிய அந்த நாளில் மேகலாவின் கண்ணில் ஏறிய உமி வெறுமனே விழவில்லை, குத்தி நின்றது. சாயங்காலத்துக்குள் கண் மிளகாய்ப்பழம் போல ஆகிவிட, ராஜாமணி குழந்தையை இடுப்பில் போட்டுக்கொண்டு மில் கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றாள். பஸ் வந்தது. நின்றது. ராஜாமணி படியில் ஒரு காலை வைத்தும்விட்டாள். அப்போதுதான் நாச்சம்மா, யாரும் கூப்பிடாமலே, ரவிக்கை நனைந்திருக்க ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எதுக்குடி ஆசுபத்திரி? இந்த மில்லுல எத்தன பேரு கண்ணுல உமிய எடுத்திருக்கறன். என்ற பாலு இருக்கறப்ப கொழந்தைக்கு ஊசி எதுக்கு? வா ஊட்டுக்கு."

"ஏறுறீங்களா இல்லையா?" என்று கண்டக்டர் கத்தினார். ராஜாமணி காலை எடுத்துக்கொண்டாள். பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு காலை மதியம் சாயங்காலம் என்று நாச்சம்மா வந்து வந்து பீய்ச்சினாள். கண் வீங்கியது, பீளை தள்ளியது, குழந்தை சுவரில் முட்டிக்கொண்டு அழுதது. "அழுக்கு எறங்குது, எறங்கட்டும்" என்று சொல்லிச் சொல்லிப் பீய்ச்சினாள். கருவிழி மேல் வெள்ளையாக ஆடை படர்ந்தபோது ராஜாமணியின் புருஷன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். அவர்கள் திரும்பி வந்த அன்று நாச்சம்மாவுக்குப் பால் நின்றுபோனது. அடைபட்ட குழாய் மாதிரி, ஒரு சொட்டு இல்லாமல் நின்றது. மறுநாள் காலையில் மேகலா அழுதபோது அது அங்கே வந்தது. எருமைப்பாலில் வளர்ந்த சேகர், லாரி ஓட்டுகிற ஆளாகி மீசை வைத்த பிறகும், கோபம் வந்தால், "என்ற பங்கை எல்லாம் எங்கம்மா மேகலாக்கா கண்ணுல ஊத்திருச்சு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நாச்சம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஏனென்றால் அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளைத் தின்றது. ராஜாமணிகூட, "நீ நல்லதுக்குத்தானேக்கா பண்ணுன" என்று சொல்லி அவளுக்கு ஒரு டம்ளர் காப்பியும் கொடுத்தாள். யாராவது ஒருத்தர் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்து, பாவி, பஸ் படியிலிருந்து இழுத்தாயே என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், அவள் அழுது தீர்த்துவிட்டு மற்றவர்களைப்போல நெல் துழாவப் போயிருப்பாள். ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்காதது பெரிய மனசு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அதிசயம் என்று வந்துவிட்டால் அதை வீணடிக்கிற ஜனங்கள் இல்லை அவர்கள். பாய்லர் வேலைக்காரி ஒருத்திக்குப் பிரசவமாகிப் பால் ஊறாமல் பிள்ளை வறண்டு கத்தியபோது, மேகலா விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தது தற்செயல்தான். ஒரு கிண்ணத்தைக் கன்னத்தில் பிடித்ததும் தற்செயல்தான். பிள்ளை குடித்துவிட்டுத் தூங்கிப்போனதும் அது தற்செயலாக இருப்பது நின்றுபோனது. பிறகு யாருக்குப் பால் ஊறாவிட்டாலும் மேகலா இருக்கிறாளே என்றார்கள். தீப்புண்ணுக்குக் கேட்டார்கள், காது வலிக்குக் கேட்டார்கள். கண் வலிக்கு மட்டும் யாரும் கேட்கவில்லை, அந்த மட்டுக்கும் அறிவு வந்திருந்தது. முதலாளியம்மா தன் மகன் வயிற்றுப் பேரனுக்கு வெள்ளிக் கிண்ணத்தில் வாங்கிப் போனார், போகும்போது மேகலாவுக்கு ஒரு பாவாடைத் துணி கொடுத்தார்.

இதில் ஒரே ஒரு சங்கடம்தான். பால் வேண்டுமென்றால் மேகலா அழ வேண்டும். கெட்டவர்கள் இல்லை அவர்கள், யாரும் அவளை அடித்ததில்லை. "கொஞ்சம் அழுவு கண்ணு, பச்சப்புள்ள பசியா கெடக்குது" என்று கெஞ்சுவார்கள். முதலில் வெங்காயம் உரித்துப் பார்த்தார்கள்; வெங்காயத்துக்கு வருகிற பாலைப் பிள்ளைகள் துப்பின. செத்துப்போன நாய்க்குட்டியை ஞாபகப்படுத்தினார்கள், அது பழசானதும் வேறு தேடினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அவள் நல்ல மார்க் வாங்கியபோது காலேஜுக்கு அனுப்ப வசதியில்லை என்று வருத்தப்பட்ட மில்லில், அந்த வருத்தத்தைச் சொல்லிச் சொல்லியே ரெண்டு குழந்தைகளை வளர்த்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்ததும் பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போனார்கள்; ராஜாமணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, பக்கத்து வீட்டுக்காரி சத்தமில்லாமல் ஒரு டம்ளரோடு வந்து மேகலாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பெரும்பாலும் டம்ளருக்கு வேலை இருக்காது, ஏனென்றால் நாச்சம்மா இருப்பாள். சேகருக்காக வாங்கிய பால் சங்கு அவள் இடுப்புச் சுருக்குப்பையில் எப்போதும் கிடந்தது. மேகலா எங்கே அழுதாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். களத்தின் அந்தக் கோடியில் நெல் துழாவிக்கொண்டிருந்தாலும் சரி, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாலும் சரி, திடீரென்று அவள் மார் விண்ணென்று இறுகும், ஊசி ஊசியாகக் குத்தும், பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் பால் இறங்குமே அப்படி. ஆனால் ரவிக்கை நனையாது, அங்கே மேகலாவின் கன்னம் நனையும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. போட்டது போட்டபடி ஓடிவந்து, சங்கை அந்தக் கன்னத்தில் ஒட்டிப் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு போய் எந்தப் பிள்ளைக்கோ புகட்டுவாள். பிள்ளை சப்புக்கொட்டும். அவளுக்குள் ஒரு இடம் லேசாகும். ஒரு கண்ணைக் கெடுத்தேன், ஆனால் இத்தனை பிள்ளைகளை வளர்த்துவிட்டேன் என்று தராசின் அந்தப்பக்கத் தட்டில் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி வைப்பாள். தட்டு இறங்கினபாடில்லை. அதனால் இன்னொரு பிள்ளை, இன்னொரு பிள்ளை என்று அவளுக்குத் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

மேகலாவுக்கு இருபத்துநாலு வயது, அரிசி மூட்டை எடை போடுகிற இடத்தில் வேலை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தூக்குப்போசியைத் திறந்தபடியே அவள் ராஜாமணியிடம் சொன்னாள்: "கோயமுத்தூர்ல கெட்டுப்போன கண்ணு மேல ஓடு மாதிரி ஒண்ணு செஞ்சு வெக்கறாங்களாமா. நல்ல கண்ணு மாதிரியே வரைஞ்சு. நான் வெச்சுக்கப் போறேன்."

"வெச்சா பார்வை வருமா?"

"வராது. மூடிக்கும்."

சாயங்காலத்துக்குள் காம்பவுண்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. அழகாயிருக்குமா, வலிக்குமா என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. "அப்ப பாலு?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அந்தச் சமயத்தில் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்திருந்த சுமித்ராவின் கைக்குழந்தை மேகலாவை நம்பித்தான் இருந்தது. முதலாளியம்மாவின் மகளுக்கும் மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் நாச்சம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நாச்சம்மா, நீ சொன்னா அவ கேப்பா. நீயும் அவளோட போ. என்ற மவ பெத்து எந்திரிச்சு, புள்ள தலை நிக்கற வரைக்கும் பொறுக்கச் சொல்லு. அப்பறம் ஓடு வெச்சுக்கட்டும், கூடு வெச்சுக்கட்டும், ஆரு வேண்டாம்னா?"

"சரிங்கம்மா" என்றாள் நாச்சம்மா. மேகலாவிடம் போய், துணைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். மேகலா தலையாட்டினாள்.

கோயமுத்தூரில் அந்த அறை ஒரு மாடியில் இருந்தது. ஜெசிந்தா என்கிற பெண் அங்கே கண் செய்கிறவள். வெள்ளைக் கோட்டில் பெயின்ட் கறை, மூக்கின் நுனியில் கண்ணாடி. ஒரு பெட்டி நிறையப் பொத்தான்களைப்போலக் கருவிழிகள் வைத்திருந்தாள், மை கறுப்பிலிருந்து தேன் நிறம் வரைக்கும். மேகலாவை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, ஒவ்வொன்றாக எடுத்து அவள் வலது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நேரா என்னையே பாருங்க. கண்ணை எடுக்காதீங்க."

நெடுநேரம் பார்த்தாள். கறுப்பு மாதிரித் தெரியும் ஆனால் கறுப்பில்லை, ஓரத்தில் ஒரு பச்சை வளையம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். மேகலாவுக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்க்கிற யாரும் முதலில் இடது கண்ணைத்தான் பார்ப்பார்கள், பிறகு கன்னத்தை, பிறகு கையில் இருக்கிற டம்ளரை. வலது கண்ணுக்கு யாரும் வந்து சேர்ந்ததே இல்லை. பச்சை வளையம் என்று ஒருத்தி சொல்லிவிட்டாள் என்பதற்காக அவள் உதடு கோணியது. தேம்பித் தேம்பி அழுதாள். மூலையில் ஸ்டூலில் இருந்த நாச்சம்மாவின் மார் விண்ணென்று இறுகியது, கை தன்னால் சுருக்குப்பைக்குப் போனது.

ஜெசிந்தா பொறுத்துப் பார்த்தாள். பிறகு மரத்துப்போகிற சொட்டு விட்டு, சின்ன அகப்பை போன்ற ஒன்றை இமைக்குள் நுழைத்து, இட்லி மாவுப் பதத்தில் இருந்த அச்சுப் பசையை அதன் வழியாக ஏற்றினாள். இறுகி வரவேண்டிய பசை இறுகவில்லை. வெளியே எடுத்தால் திரிந்த பாலாக அவள் உள்ளங்கையில் வழிந்தது. "என்ன இது, இப்படி ஆனதே இல்லையே" என்றாள்.

"பாலுங்க" என்றாள் மேகலா.

"பாலா?"

"தாய்ப்பாலுங்க. அழுதா வரும்."

ஜெசிந்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கையைக் கழுவினாள். "கண்ணீர்னா பரவாயில்லை, அது எல்லாருக்கும் இருக்கு. இதுல கொழுப்பு இருக்கு. அச்சு நிக்காது. எப்படியோ வெச்சுட்டாலும், ஓட்டுக்கு அடியில தேங்கிப் புண்ணாயிடும். வெச்சதுக்கப்புறம் ஒருநாளும் அழாம உங்களால இருக்க முடியுமா?"

மேகலா யோசித்தாள். "எங்க மில்லுல அது முடியாதுங்க."

"அப்ப பாலை நிறுத்திட்டு வாங்க. உங்களுக்கான கண்ணு நிறத்தை நான் எடுத்து வெச்சிருக்கேன்."

பாலை நிறுத்துவதற்கு என்ன செய்யவேண்டும் என்பது பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும். மல்லிகைப்பூவை மார்மேல் வைத்துக் கட்டவேண்டும். ராஜாமணி சந்தையிலிருந்து உதிரி மல்லிகை வாங்கிவந்து, மகளின் இடது கண்மேல் வைத்து, வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டினாள். காலையில் வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ வைத்தாள். காம்பவுண்டு அந்தக் கட்டைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்து ராஜாமணி கட்டை அவிழ்த்ததும், அதுவரை சர்க்கரைத் தண்ணீரில் கிடந்த சுமித்ராவின் குழந்தை கத்துகிறது என்று ஒருத்தி வந்து பெண் பார்த்த கதையை எடுத்தாள். பால் வழக்கம்போல வந்தது, மல்லிகை வாசத்தோடு வந்தது. குழந்தை இன்னும் ஆசையாகக் குடித்தது. எல்லோருக்கும் உயிர் வந்தது. "சாமியே வேண்டாங்குது கண்ணு, நாம என்ன பண்ண முடியும்" என்று மேகலாவின் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

மறுநாள் வெயில் ஏறுகிற நேரம். அவித்த நெல் களம் முழுக்க ஆவி பறக்கக் கிடந்தது. நாச்சம்மா காலால் நெல்லைக் கோடு கோடாகத் துழாவிக்கொண்டு போக, எடை போடுகிற வேலை இன்னும் தொடங்காததால் மேகலாவும் பக்கத்துக் கோட்டில் துழாவிக்கொண்டு வந்தாள். முதலாளியம்மா சொன்னதைச் சொல்லிவிட இதுதான் சமயம் என்று நாச்சம்மா வாயைத் திறந்தாள். மேகலா முந்திக்கொண்டாள்.

"ஏனுங்கத்தை, இந்த மில்லுல நீங்க ஒருத்திதான் என்னைய ஒருநாளும் அழுவச் சொன்னதில்ல."

நாச்சம்மா முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஆனா சங்கு மட்டும் எப்பவும் உங்க இடுப்புலயே இருக்குது."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, நெல் காய்ந்துவிட்டது என்பதைப்போலச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கோடு மாறாமல் துழாவிக்கொண்டே போய்விட்டாள். அவள் முதுகைத்தான் நாச்சம்மாவால் பார்க்க முடிந்தது. ஆனால் மாரில் ஊசி குத்தியது, ஆகவே அந்தப்பக்கம் கன்னம் நனைகிறது என்று தெரிந்தது. அவள் ஓடவில்லை. சூடான நெல்மேல் நின்ற இடத்திலேயே நின்றாள். இருபது வருஷமாக இந்தக் குறுகுறுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அங்கே கட்டின பூ இங்கே என்ன செய்யும்? ராஜாமணி கண்ணில் பூவைக் கட்டியபோதே அவளுக்கு இது தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தாள், ஏனென்றால் சுமித்ராவின் குழந்தையையும் தராசுத் தட்டில் வைக்கவேண்டியிருந்தது, அதற்குப் பிறகு முதலாளியம்மாவின் பேரப்பிள்ளையையும். அந்தப் பெண்ணின் அழுகையில் தான் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்ததை நாச்சம்மா அந்த வெயிலில் நன்றாகப் பார்த்தாள். அவளுக்குத் தன்னைக் காறித் துப்பவேண்டும் போல இருந்தது.

அன்று சந்தைக்குப் போய் மல்லிகை வாங்கினாள். யாருக்கு என்று பூக்காரி கேட்டதற்கு, சாமிக்கு என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு, வற்றித் தொங்கிப்போன தன் மார்மேல் பூவைப் பரப்பி, பழைய சேலைத் துணியால் மூச்சுமுட்ட இறுக்கிக் கட்டி, மேலே ரவிக்கை போட்டுக்கொண்டாள். எரிந்தது. உள்ளே எங்கேயோ கட்டி கட்டியாகக் கனத்தது. காய்ச்சல் கண்டது. அதோடேயே வேலைக்குப் போனாள், தினமும் பூவை மாற்றினாள்.

மேகலாவின் பால் மெலிந்தது. முதலில் அரிசி கழுவிய தண்ணீர் போல, பிறகு வெறுமனே மங்கலாக. குழந்தை வாயை எடுத்துவிட்டு வீறிட்டது. பெண்கள் பயந்துபோய்ச் சோகக் கதைகளை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மேகலா அழுதுகொண்டுதான் இருந்தாள், பால்தான் வரவில்லை. ஆனால் ஊர் மூக்கை யாரால் கட்டமுடியும்? நாச்சம்மாவின் புருஷன் போய்ப் பல வருஷமாகிறது, அவள் தலையில் பூ வைப்பதில்லை. அவள் பக்கத்தில் வந்தால் மட்டும் மல்லிகை மணக்கிறதே என்று குழாயடியில் பேச்சு கிளம்பியது.

"ஏனக்கா, பூ வாசம் தூக்குது? ஆருக்கு இந்த வயசுல?" என்று ஒருத்தி கண்ணைச் சிமிட்டிக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நாச்சம்மா குடத்தைக் கீழே வைத்தாள். "பால நிறுத்தறதுக்குக் கட்டியிருக்கறன்."

"ஆரு பால?"

"என்ற பால. அவ கண்ணுல வாரது என்ற பாலுதானே. அங்க கட்டுனா எப்படி நிக்கும்?"

சிரிப்பு நின்றது. பிறகு பிடித்துக்கொண்டார்கள். "பாவி, பச்சக் கொழந்தை வயித்துல அடிச்சுட்டியே!" என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். "நீயெல்லாம் ஒரு பொம்பளையா? நீயும் புள்ள பெத்தவதானே?" என்றாள் இன்னொருத்தி. ராஜாமணிகூடக் குடத்தை எடுத்துக்கொண்டு விலகிப்போனாள். முதலாளியம்மா அவளைக் களத்தில் வைத்தே வைதார். பாவி, பாவி என்று இருபது வருஷம் காத்திருந்த வார்த்தை நாலாபக்கமிருந்தும் வந்து விழுந்தது. குனிந்த தலையோடு ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டாள். ஆனால் அது வேறு எதற்கோ விழுந்தது. அவள் செய்த ஒரே நல்ல காரியத்துக்கு விழுந்தது. கண்ணுக்காக அப்போதும் யாரும் திட்டவில்லை.

சுமித்ராவின் புருஷன் அன்றைக்கே ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த மருந்துக்கடைக்குப் போய் ஒரு டப்பாப் பால்மாவு வாங்கிவந்தான். குழந்தை ரெண்டு தடவை துப்பியது, மூன்றாம் தடவை குடித்தது, குடித்துவிட்டுத் தூங்கியது. காம்பவுண்டு எட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றது. அடுத்த வாரமே அந்தப் பேச்சை விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டது. நாச்சம்மாவால்தான் அதைத் தாண்டிப் போகமுடியவில்லை. அந்தக் கடை அங்கே வெகுகாலமாக இருந்தது. அந்த டப்பாவும் அதன் அலமாரியில் வெகுகாலமாக இருந்தது. அவள் தட்டில் தூக்கி வைத்த பிள்ளைகளெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கி நடந்துபோய்விட, தராசில் அந்த ஒரு கண் மட்டும் இருந்தது.

நாச்சம்மாவோடு கோயமுத்தூருக்குப் போன இரண்டாம் தடவை அச்சு கல்லாட்டம் நின்றது. ஜெசிந்தா அதைப் பார்த்து மெழுகில் ஒன்று செய்து பொருத்திப் பார்த்தாள், மெழுகைப் பார்த்து மெல்லிய ஓடு ஒன்று வார்த்தாள், முட்டை ஓட்டைக் குறுக்கே கிள்ளியதுபோல இருந்தது. "ரொம்ப வெள்ளையா வேண்டாங்க" என்று மேகலா கேட்டுக்கொண்டதால், வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள் கலந்தாள். சிவப்புப் பட்டுநூலைப் பிரித்துப் பிரித்து, பார்த்தாலும் தெரியாத நூலாம்படையாக்கி, நரம்புகளாக ஒட்டினாள். கருவிழியின் ஓரத்தில் அந்தப் பச்சை வளையத்தை ஒற்றை மயிர்த் தூரிகையால் வைத்தாள். கடைசியில் மேல் இமையைத் தூக்கி, ஓட்டை நுழைத்து, கீழ் இமையை லேசாக இழுத்துவிட, அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளே இருந்த குருட்டுக் கண் திரும்பினால் ஓடும் கூடவே திரும்பியது. மேகலா கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தாள். அங்கே ரெண்டு கண்ணுள்ள ஒரு பெண் இருந்தாள், முகம் கொஞ்சம் களைத்திருந்தது.

"துணைக்கு வந்தவங்களைப் பாருங்க. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்றாள் ஜெசிந்தா. மேகலா திரும்பினாள். நாலு வயதுக்குப் பிறகு முதல் தடவையாக அவள் இரண்டு கண்களும் நாச்சம்மாவைப் பார்த்தன. நாச்சம்மா ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் மேகலா. பல்லடம் தாண்டியது. காங்கேயமும் தாண்டியது. நெல் அவிக்கிற வாசம் பஸ்ஸுக்குள் ஏறத் தொடங்கியபோது நாச்சம்மா முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னிக்கு பஸ்ஸு வந்துச்சு கண்ணு. நிக்கவும் நின்னுச்சு. உங்கம்மா படியில கால் வெச்சுட்டா. நான்தான் இழுத்தேன். என்ற பாலு பெருசுன்னு இழுத்தேன். உன்ற கண்ண நான்தான் கெடுத்தேன்."

"தெரியுங்கத்தை."

"ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல. நான் அம்மா இடுப்புல இருந்தன். நீங்க இழுக்கறதப் பார்த்துட்டுத்தான் இருந்தன்."

நாச்சம்மா கம்பியை விட்டு மேகலா பக்கம் திரும்பினாள். பார்த்திருந்தாள். நாலு வயதில் பார்த்துவிட்டு, இருபது வருஷம் தன் கன்னத்தை இவள் சங்குக்கு நீட்டிக்கொண்டிருந்தாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சாமி" என்றாள்.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தன்."

அதற்குமேல் மேகலாவால் முடியவில்லை. அவள் அழுதாள். கெஞ்சாமல், கதை சொல்லாமல், எந்தப் பிள்ளைக்கும் பசிக்காமல் அழுதாள். வலது கண்ணிலிருந்தும், புது ஓட்டின் அடியிலிருந்தும் ஒன்றுபோல வழிந்தது. நாச்சம்மாவின் மாரில் ஒன்றும் குத்தவில்லை. வெறும் தோலாக, எலும்பாகச் சும்மா இருந்தது. பழக்கத்தில் கை சுருக்குப்பைக்குப் போனது, சங்கைத் தொட்டது, நெருப்பைத் தொட்டதுபோல வெளியே வந்தது. முந்தானையை எடுத்து அந்தக் கன்னத்தைத் துடைக்கப் போனாள். விரலில் ஒரு சொட்டு விழுந்தது. புளித்திருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பது அவள் எப்போதும் செய்வது, தெரியாமல் வைத்துவிட்டாள். உப்புக் கரித்தது.

மேகலா அவள் கையை மெல்ல விலக்கினாள்.

"விடுங்கத்தை. இது நான் எனக்காக அழுவறது."

மில் ஸ்டாப் வந்தது. பஸ் நின்றது. "ஏறுறவங்க இருங்க, முதல்ல எறங்கட்டும்" என்று கண்டக்டர் கத்தினார். மேகலா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழுதபடியே படியில் இறங்கிப் போனாள். நாச்சம்மா பின்னால் இறங்கினாள். அவள் கையைப் பிடிக்கவில்லை.